வட்டாரத்தின் நினைவை மின்னாக்குவது எப்படி: சிங்கப்பூர்த் தமிழ்ச் சங்கங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய படங்களை மின்னாக்கக் கிளம்பும் குழுக்களில் பெரும்பாலானவை முதல் வாரமே ஸ்கேனர் வாங்கிவிடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நாலாயிரம் கோப்புகள் இருக்கும். படத்தில் நிற்பவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்ற விவரம் ஒன்றிலும் இருக்காது. அதைச் சொல்லக்கூடிய பாட்டி அதற்குள் காலமாகியிருப்பார். நல்ல நிழற்படம் பெட்டிக்குள் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். அதிலிருப்பவரின் பெயருக்கு அவ்வளவு காலம் கிடையாது. அதனால் இந்த வழிகாட்டியில் பெயர் முதலில் வருகிறது, அனுமதி அடுத்தது, ஸ்கேனர் அதற்கும் பிறகுதான்.

எதை எடுப்பது, எதை விடுவது

தேசிய அமைப்புகள் ஏற்கெனவே செய்துவைத்திருப்பதை மறுபடி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தொண்டூழியர்கள் திரட்டி, நாட்டின் பொன்விழா ஆண்டில் மின்வடிவில் நூலக வாரியத்திடம் சேர்த்தார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து நேர்காணல்களைப் பதிவு செய்துவருகிறது. 2015ல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் அரும்பொருள்கள் இருக்கின்றன.

இவற்றுக்கு எளிதில் எட்டாத பொருள்கள்தாம் உங்கள் வேலை: மளிகைக்கடைப் பற்றுச்சீட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, குடமுழுக்கு மலர், கால்பந்துக் குழுவின் வரவுசெலவு நோட்டு, மாவு மில்லின் விலைப்பலகை, பூமாலை கட்டும் விதத்தைக் காட்டும் காணொளி, அண்ணன் தம்பி எட்டுப் பேர் கடைவீட்டின் முன் நின்று எடுத்த படம்.

எல்லையைச் சிறிதாக வையுங்கள். ஒரு தெரு, ஒரு கோயில், அல்லது ஒரு சங்கம், முதல் சுற்றில் 500 உருப்படிகள், ஆறு மாதம். விவரம் எழுதுவது, சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு எட்டு நிமிடம் என்று கணக்கிட்டால் 500 படத்துக்கு ஏறக்குறைய 67 மணி நேரம் ஆகும். சனிக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் ஏறத்தாழ 22 வாரத்தில் முடியும். குழுவுக்கு ஐந்து பேர் போதும். அவர்களில் மிக முக்கியமானவர் கணினி தெரிந்தவர் அல்லர். பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்.

வட்டாரம் என்றால் இன்று அங்கே குடியிருப்பவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். செம்பவாங் கடற்படைத் தளம் 1938ல் திறந்தது. 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அங்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நகர்களுக்குச் சிதறிப் போயின. செம்பவாங்கின் படங்கள் ஈசூனிலோ உட்லண்ட்சிலோ ஓர் அலமாரியில் இருக்கக்கூடும். செட்டியார்களின் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடத்திய கட்டடங்கள், இடிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கணக்கேடுகள் மட்டும் வாரிசுகளின் வீடுகளில் மிஞ்சியிருக்கலாம். எனவே அறிவிப்பைத் தெருவில் மட்டும் ஒட்டாமல், தீவு முழுவதும் போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

பெயர்களைச் சேகரிப்பது

படங்களைக் கைப்பேசியில் ஒருமுறை எடுத்து, ஏ4 தாளுக்கு நான்காக அச்சிட்டுக்கொள்ளுங்கள். இது வேலைப்படி மட்டுமே. தரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் கொடுங்கள். மூலப்படத்தின் மேல் பேனா படவே கூடாது. பின்பக்கம் எண் எழுத வேண்டியிருந்தால் மென்மையான 2பி பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். 1970களுக்குப் பிந்திய வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அவற்றை எண்ணிட்ட காகித உறைக்குள் போடுவதே வழி.

பெரியவர்களை மூன்று நான்கு பேராக உட்காரவையுங்கள். ஒருவராக இருந்தால் நினைவு தடுமாறும். பத்துப் பேராகிவிட்டால் இரண்டு பேர்தான் பேசுவார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். "இது யார், தாத்தா?" என்று தொடங்கினால் பாதிப் பேர் திணறுவார்கள். "பின்னால தெரியுற கடை என்ன கடை? அதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்று இடத்திலிருந்து தொடங்குங்கள். கடை நினைவுக்கு வந்தால் கடைக்காரர் வருவார், அவர் மகன் வருவார், கல்யாணம் நடந்த ஆண்டும் வந்துவிடும். பேச்சு முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். கையால் எழுதும்போது தவறவிட்டதெல்லாம் அதில் இருக்கும்.

ஒருவர் பெயருக்கு மூன்று கட்டங்கள் வேண்டும்: தமிழில் சரியான பெயர், அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல், வழக்குப் பெயர். பேரப்பிள்ளைகள் தேடுவது இரண்டாவதை. பழைய அண்டைவீட்டார் தேடுவது மூன்றாவதை. ஒன்றை மட்டும் பதிந்தால் மற்ற இரு கூட்டமும் வெறுங்கையோடு திரும்பும்.

இடப்பெயரிலும் அதே கவனம் தேவை. சிராங்கூன் சாலை வட்டாரத்துக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்றொரு பழைய தமிழ்ப் பெயர் உண்டு. மலாயில் அங்கேயே கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். தேக்கா என்பது மூங்கிலடி என்ற பொருளில் ஹொக்கியனிலிருந்து வந்தது. மூன்றையும் தேடுசொற்களாகச் சேருங்கள். பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 1975ல் எடுத்த படத்தின் பின்னால் "தேக்கா மார்க்கெட்" என்று எழுதியிருந்தால் அது இன்றைய தேக்கா நிலையம் அன்று. இன்றைய கட்டடம் 1982ல் ஜூஜியாவ் நிலையம் என்ற பெயரில் திறந்து, 2000ல் தேக்கா என்று பெயர் மாறியது. பழைய சந்தை சாலையின் எதிர்ப்புறத்தில் இருந்தது. இது தெரியாமல் வரைபடத்தில் புள்ளி வைத்தால், பிறகு நீங்கள் அமைக்கும் நடைவழியில் வருபவர் தவறான பக்கம் நின்று பார்ப்பார்.

தேதிகளில் தமிழ் வருடப் பெயர் வந்தால் கவனம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விரோதி ஆண்டு 1949–50லும் வந்தது, 2009–10லும் வந்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பத்திரிகைகளில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். மூலத்தில் உள்ளபடி ஒரு கட்டத்திலும், மாற்றிய ஆங்கிலத் தேதியை இன்னொரு கட்டத்திலும் எழுதுங்கள். உறுதியில்லாதபோது "1960–1969" என்று எல்லை கொடுங்கள். ஊகத்தைத் துல்லியமான ஆண்டாக எழுதுவதுதான் இந்த வேலையில் பெரிய குற்றம். நாளைக்கு ஒரு மாணவர் அதையே மேற்கோள் காட்டுவார்.

அனுமதி

படத்தின் அச்சுப்பிரதி குடும்பத்துடையது. பதிப்புரிமை வேறொருவருடையதாக இருக்கலாம். 2021 பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21ல் நடப்புக்கு வந்தது. அதன்பின் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமானாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் எடுத்தவரே முதல் உரிமையாளர். அதற்கு முந்திய படங்களுக்கு, பொதுவாக எடுக்கச் சொன்னவரிடமே உரிமை இருந்தது. பழைய ஸ்டூடியோப் படங்களில் குடும்பத்தின் கை ஓங்கியிருப்பது இதனால்தான். மலர்களில் வந்த கட்டுரை, கவிதைகளுக்கு எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஆசிரியர் தெரிந்தும் வாரிசு கிடைக்காவிட்டால், மலரின் அட்டையையும் பொருளடக்கத்தையும் பட்டியலுக்கு மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

சங்கமோ கோயிலோ திரட்டும்போது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். இறந்து பத்தாண்டுக்கு உட்பட்டவர்களின் தரவுக்கும் அதில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பொதுப்படியில் மறைத்துவிடுங்கள்; மூலப்படியில் கை வைக்காதீர்கள்.

அனுமதிப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மூன்று நிலைகள் கொடுங்கள்: சேமிப்புக்கு மட்டும், நேரில் வந்து பார்க்கலாம், இணையத்தில் எல்லாரும் பார்க்கலாம். படத்தை அஞ்சலட்டையாகவோ நாட்காட்டியாகவோ அச்சிட்டு விற்கலாமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். "எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், 14 நாளுக்குள் எடுப்போம்" என்ற வரியைச் சேருங்கள், சேர்த்தபடி நடந்துகொள்ளுங்கள். கல்யாணப் படங்களில் பிரிந்துபோன தம்பதிகள் இருப்பார்கள். கொடுத்தவர் சரி என்று சொன்னாலும் படத்தில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்பதே மரியாதை.

ஸ்கேன்

தட்டை ஸ்கேனரில் இரண்டு வகை உணரிகள் உண்டு. மெல்லிய, மலிவான ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ். கண்ணாடியில் ஒட்டிப் படியாத எதையும் அது மங்கலாக்கும். சுருண்ட படம், சட்டமிட்ட படம், தடித்த புத்தகத்தின் நடுமடிப்பு எல்லாம் அதில் கெடும். சிசிடி உணரி உள்ளதை வாங்குங்கள். நெகட்டிவுக்கு மேல்விளக்கும் இருக்க வேண்டும்.

அளவுகள்: 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), 24 பிட் வண்ணம், டிஃப் கோப்பு. ஒரு படம் ஏறத்தாழ 26 எம்பி வரும்; ஆயிரம் படத்துக்கு 26 ஜிபி. அதைவிடச் சிறிய பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. கடிதம், நோட்டுகளுக்கு 400 போதும்; ஏ4 பக்கம் 46 எம்பி ஆகும். 35 மிமீ நெகட்டிவுக்கு 3200 முதல் 4000 வரை. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பேறிய நிறமும் ரப்பர் முத்திரையின் ஊதா மையும் காலத்தைக் காட்டும் சான்றுகள்.

மென்பொருளில் தானே இயங்கும் வண்ணத்திருத்தம், கூர்மையாக்கல், தூசி நீக்கம் மூன்றையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி வண்ண நெகட்டிவில் நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் படத்தின் வெள்ளித் துகளையே அது தூசி என்று எண்ணி அழிக்கும். முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும். அச்சிட்ட மலர்களில் புள்ளிகளாலான படங்கள் ஸ்கேனில் அலையலையாய்த் தெரியும். மூலப்படியை 600ல் அப்படியே எடுத்துவைத்து, அலைநீக்கத்தைப் பார்வைப்படியில் மட்டும் செய்யுங்கள். பார்வைப்படி என்றால் நீளப்பக்கம் 2000 பிக்சல் உள்ள ஜேபெக்.

சிங்கப்பூரின் ஈரம் தனிப் பகை. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்த பெட்டியை உடனே திறந்தால் படத்தின் மேல் நீர் கோக்கும். மூடியபடியே சில மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். சேமிப்புக்கு 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர் அலமாரி நல்லது. பூஞ்சை பிடித்ததைத் தனிப் பையில் போட்டுப் பிரித்துவையுங்கள். முகக்கவசம் போட்டு, காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், உலர்ந்த மென்தூரிகையால் துடையுங்கள். ஈரத்துணி படவே கூடாது. பூஞ்சை தின்ற இடத்தில் படப்பூச்சு கரைந்து வந்துவிடும். நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மற்றவற்றோடு வைக்காதீர்கள், வாடையாக வரும் அமிலம் பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.

சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடே படமெடுங்கள்: இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. பசைத்தாள் ஆல்பத்திலிருந்து எடுக்கப் பல்லிடுக்கு நூலை மெல்ல அறுப்பதுபோல் இழுங்கள். வரவில்லையென்றால் பக்கத்தோடே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். எண்கள் போதும்: 03-0047-02 என்றால் மூன்றாம் பெட்டி, 47ஆம் உருப்படி, பின்பக்கம். விவரமெல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். கோப்புப் பெயரில் "மாமா கல்யாணம்" என்று எழுதினால், எந்த மாமா என்று அடுத்த தலைமுறை கேட்கும்.

ஒலி

புதிய நேர்காணல்களுக்கு வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றைத் தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி. ஒலிவாங்கி வாயிலிருந்து 20 முதல் 30 செமீ தூரத்தில் இருக்கட்டும். உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். வீவக வீட்டில் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் சமையலறைக் குளிர்பதனப்பெட்டியின் முணுமுணுப்புதான். படுக்கையறை நல்லது, மெத்தையும் திரையும் எதிரொலியைக் குடித்துவிடும்.

பழைய கேசட்டை ஓட்டும் முன் முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாகச் சுற்றுங்கள். காந்தநாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். வேறு கேசட்டிலிருந்து மாற்றலாம். பஞ்சு சரியாக இருந்தும் ஒலி மூடாக்குப் போட்டதுபோல் கேட்டால் ஒலிமுனையின் சாய்வுத் திருகைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, கீச்சொலி தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எழுதும்போது திருத்தாதீர்கள். "பசாருக்குப் போயி கோப்பி குடிச்சிட்டு" என்று பேசியவர் அப்படியேதான் பேச வேண்டும். அந்தப் பேச்சே இந்தத் தீவின் தமிழ். அதைச் செந்தமிழாக்கினால் மரபுடைமையில் பாதி போய்விடும். தானியங்கி எழுத்தாக்கம் மலாயும் ஹொக்கியனும் கலக்கும் இடத்தில் தடுமாறும். முதல் வரைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் மறைந்திருக்கும் சிக்கல்கள்

எல்லாம் யூனிகோடில் இருக்க வேண்டும். 1990களில் தட்டச்சிட்ட சங்கக் கோப்புகள் டிஸ்கி, டாப் போன்ற பழைய குறிமுறைகளில் இருக்கும். மாற்றியபின் பத்துக்கு ஒரு பக்கத்தையாவது கண்ணால் ஒப்பிடுங்கள். ஒகர, ஓகார உயிர்மெய்களைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கக்கூடும்: ஒற்றைக் குறியாகவும், கொம்பும் காலும் தனித்தனியாகவும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, தேடலுக்கு வேறு. "கோயில்" என்று தேடிப் பாதிதான் கிடைத்தால் காரணம் இதுதான். பட்டியல் முழுவதையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி எனும் யூனிகோடு வடிவத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். "ஸ்ரீ" என்பதும் அப்படியே. 2005ல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்தபின் இரு வகைச் சேமிப்பு உண்டு. இதை என்எஃப்சி சரிசெய்யாது. கையால் ஒருமைப்படுத்த வேண்டும். கோயில் பெயர்கள் பலவும் ஸ்ரீயில் தொடங்குவதால் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் துதிக்கை போட்ட ணை, லை, னை இருக்கும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் அவற்றைத் தவறாகப் படிக்கும். பழைய மலர்களுக்கு எழுத்துணரியை நம்பாமல், தலைப்புகளையும் ஆட்பெயர்களையும் மட்டும் கையால் தட்டச்சிடுவதே சிக்கனமான வழி.

சேமிப்பும் தளமும்

மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொரு கோப்புக்கும், கோப்பு மாறினால் காட்டிக்கொடுக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் எடுத்துவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்குள் மாற்றுங்கள். இணையக் கணக்குகள் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும், கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். சமூகக் காப்பகங்கள் அழிவது பெரும்பாலும் வன்பொருள் கெட்டு அன்று. செயலாளர் மாறி, தளப்பெயர் எனும் இணைய முகவரிக்கான கட்டணம் கட்டாமல் விட்டதால்.

விவரப் பட்டியலுக்கு, தலைப்பு, தேதி போன்றவை அடங்கிய டப்ளின் கோர் எனும் 15 கூறுகள் போதும். பட்டியலிட ட்ரோப்பி, வெளியிட ஓமேகா இரண்டும் இலவசம். முதல் ஆண்டில் ஒரு விரிதாளும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடமும் மட்டும் இருந்தாலே காரியம் நடக்கும்.

தெருவுக்குப் பயன்

காப்பகம் வட்டாரத்தை வளர்க்க வேண்டுமென்றால் மக்களை அந்தத் தெருவுக்கே வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு நடைவழி அமையுங்கள்: எட்டு முதல் பத்து நிறுத்தங்கள், ஒன்றரைக் கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இதற்கு மேல் இந்த வெயிலில் நடக்க மாட்டார்கள். கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையின் நிழலிலேயே நிறுத்தங்களை அமையுங்கள். ஒவ்வொன்றிலும் அதே கோணத்தில் எடுத்த ஒரு பழைய படம், 40 முதல் 60 வினாடி தமிழ்க் குரல், அதன் எழுத்துவடிவம். குரல் நேர்காணலிலிருந்தே வரட்டும்; அறிவிப்பாளர் வேண்டாம்.

கியூஆர் குறியை 30 செமீ தூரத்திலிருந்து படிக்கக் குறைந்தது 3 செமீ அகலம் வேண்டும். பளபளப்பில்லாத உறை போடுங்கள். வெயிலில் மின்னினால் கைப்பேசி படிக்காது. இணைப்பு உங்கள் சொந்தத் தளப்பெயர் வழியாகவே போகட்டும். இலவசச் சுருக்க இணைப்பு நின்றுபோனால் அச்சிட்ட பலகையெல்லாம் வீண். லிட்டில் இந்தியா 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது; சுவரில் பலகை மாட்ட விதிகள் உண்டு. கடையின் உட்பக்கம், பணம் கட்டும் மேடை அருகே வைப்பது சிக்கலில்லாத வழி. அதோடு, குறியைப் படிக்க வருபவர் கடைக்குள் வந்துவிடுவார். கட்டணம் வாங்கி வழிகாட்டுபவருக்குச் சுற்றுலாப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற தமிழ் வழிகாட்டி ஒருவரைத் தொடக்கத்திலேயே குழுவில் சேருங்கள்.

நடையை ஞாயிறு மாலையில் வைக்காதீர்கள். இப்படிச் சொல்வது இடத்தைக் காலி செய்வதற்காக அன்று. அந்த நேரம் தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து உழைக்கும் தம்பிகளுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு. கேமராவோடு அவர்கள் நடுவே புகுவது நல்லதன்று. அவர்களின் படங்களும் கடிதங்களும் இந்தத் தெருவின் வரலாறுதான். கொடுக்க விரும்புபவர்களுக்கு அதே படிவத்தை நீட்டுங்கள்.

கடைக்காரருக்குக் கையில் கிடைக்கும் பயன் முதல் மாதமே இருக்க வேண்டும்: அவர் தாத்தா காலத்துப் படத்தின் நல்ல அச்சு, கடை வரலாறு ஒரு பக்கம். படத்தை அஞ்சலட்டையாகவோ நாட்காட்டியாகவோ விற்றால், படம் கொடுத்த குடும்பத்துக்கு எத்தனை பங்கு என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நடைவழி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பும், திறந்து மூன்று மாதம் கழித்து இரண்டு வாரமும், ஒரே நேரத்தில் நின்று கடைக்குள் நுழைவோரைக் கையால் எண்ணுங்கள். தளத்தைப் பார்த்தவர் எண்ணிக்கையைவிட இது நம்பத்தக்கது. தேசிய மரபுடைமைக் கழகத்திடம் மானியம் கேட்கும்போதும் இந்த எண்ணைக் காட்டலாம்.

திறந்த முதல் வாரத்திலேயே "அது என் சித்தப்பா இல்லை, அவர் தம்பி" என்று யாராவது வந்து நிற்பார். அதற்காகவே கடை மேடையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். திருத்தும்போது பழைய பெயரை அழிக்காமல், யார் சொல்லி, எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்று பதிவின் அடியில் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் திரும்பப் போங்கள், அடுத்த பெட்டியோடு.